நாலாவது சீட்டு

மூன்று பேருக்கென்று அடித்த பலகையில்
நாலாவதாக ஒருத்தி உட்காரலாம் என்று
ரயில்வே எங்கும் எழுதி வைக்கவில்லை.
டோம்பிவலியில் எல்லோருக்கும் தெரியும்.

ஏழு ஐம்பத்திரண்டு, லேடீஸ் பெட்டி.
ஜன்னலிலிருந்து நாலாவது ஆள் நான்.
பாதி உடம்பு பலகையில், பாதி காற்றில்.
பதினோரு வருஷமாக
இடது தொடையால் உட்கார்ந்து
வலது காலால் நின்றுகொண்டிருக்கிறேன்.
அந்த அனுபவத்தில் சொல்கிறேன்:
தர்மத்தின் அகலம் நாலு அங்குலம்.
அதற்கு மேல் தருகிறவளைக்
கொஞ்சம் சந்தேகப்படு,
அடுத்த ஸ்டேஷனில் இறங்குகிறவளாக இருப்பாள்.

மூன்றாவது இடம் சுனந்தா காம்ப்ளேவுக்கு.
கோர்ட்டில் டைப்பிஸ்ட்.
"தோடா ஸரகோ" என்றால்
மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வாள்.
இடம் வராது.
நகர்ந்த மாதிரி இருக்கும்.
உலகத்து அன்பில் பாதி
இப்படி மூச்சிழுத்து நகர்ந்ததுதான்.
அதையும் வேண்டாமென்று சொன்னால்
நின்றுகொண்டே போகவேண்டும்.

ஊர் எது, புருஷன் என்ன செய்கிறார்,
இங்கே யாரும் கேட்பதில்லை.
எங்கே இறங்குவாய்? அவ்வளவுதான்.
தாதர் என்றால் முகம் மலரும்.
கடைசி ஸ்டேஷன் என்றால்
நீ எதிரே இருக்கும்போதே உன்னை மறந்துவிடுவார்கள்.
ஒரு மாதம் தங்க வந்த என் நாத்தனாருக்கு
இது இன்னும் புரியவில்லை.

தினமும் யாராவது ஒருத்தி அழுகிறாள்.
காட்கோபருக்கும் குர்லாவுக்கும் நடுவில்தான் பெரும்பாலும்,
ஏனென்று தெரியாது.
நாங்கள் எல்லோரும் போனைப் பார்ப்போம்.
கல்நெஞ்சம் என்று நினைக்காதே.
கதவில்லாத இடத்தில்
அவளுக்காக நாங்கள் சாத்தித் தரும் கதவு அது.

ஹேர்கிளிப் விற்கிற நூர்பானு மட்டும்
நேரே அவளிடம் போவாள்.
கர்ச்சீப் நீட்ட மாட்டாள், காரணம் கேட்க மாட்டாள்.
நூறு ரூபாய்க்குச் சில்லறை இருக்கா என்பாள்.
"எண்ணிக்கொண்டே அழுகிற பொம்பளையை
நான் பார்த்ததில்லை" என்றாள் ஒருநாள்.
பன்னிரண்டு கிளிப் பத்து ரூபாய்,
இது இலவசம்.

போன செவ்வாய்க்கிழமை சுனந்தா லீவு.
மூன்றாவது இடம் எனக்கு.
முழு உடம்போடு உட்கார்ந்தேன்.
இரண்டு தொடையும் என்னுடையவை என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
தாணேயில் ஒரு பெண் ஏறினாள்,
தோளில் டிபன் பை, கையில் ஃபைல், நெற்றியெல்லாம் வேர்வை.
"தோடா..." என்று ஆரம்பித்தாள்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சுனந்தாவாவது மூச்சை இழுத்திருப்பாள்.

நாலாவது இடத்திலிருந்து மூன்றுக்கு வர
பதினோரு வருஷம்.
மூன்றாவது ஆளாகவே மாறிப்போக
ஒரே ஒரு ஸ்டேஷன்.

அவள் டிபன் பை என் முழங்காலில் இடித்தது.
சூடாக இருந்தது, ஏதோ பருப்பு வாசனை.
இரண்டாவது தடவை இடித்ததும்
பையை எடுத்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டாள்.
பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள், மெதுவாக,
பாவம், தூங்குறாங்க.

தூங்குகிறவளை எழுப்பலாம்,
நடிக்கிறவளை எழுப்ப முடியாது என்பார்கள்.
நானாகவாவது எழுந்திருக்கலாம்.
ஆனால் பொய்க்கும் டிக்கெட் உண்டு,
எடுத்தால் கடைசி வரை போயாகவேண்டும்.
தாதரில் அவள் இறங்கிய பிறகும்
பைகுல்லா தாண்டும்வரை தூங்கினேன்.

இன்றைக்குச் சுனந்தா வந்துவிட்டாள்.
எனக்கு என் நாலு அங்குலம், என் காற்று.
தாணேயில் ஏறுகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.
அவள் இல்லை.
கூட்டத்தைப் பிளந்துகொண்டு நூர்பானு வந்தாள்,
ஐம்பதுக்குச் சில்லறை இருக்கா?

நான் அழவில்லையே என்றேன்.
எண்ணுங்க என்றாள்.

எண்ணினேன்.
இரண்டு ரூபாய் குறைந்தது.